கற்றலையும் கருத்த நிறமும்: தரங்கம்பாடிக் கத்தலை மீனின் அருங்காட்சியகப் பதிவுகளில் தமிழ்ச் சான்றுகள்

ஆய்வுச்சுருக்கம்

சோழமண்டலக் கரையின் கத்தலை மீன்களுள் ஒன்று, 1793ஆம் ஆண்டு முதல் ஜானியஸ் கருட்டா என்னும் அறிவியற் பெயரால் வழங்கப்பட்டு வருகிறது. தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளின் வழியே அறிவியல் உலகில் அறிமுகமான இம்மீனின் பெயரில் 'கருத்த' என்னும் தமிழ்ச்சொல் உறைந்துள்ளது. அருங்காட்சியக மாதிரிப் பதிவு ஒன்றில் இடம்பெறும் பெயர், இடம், அடையாளம் ஆகிய மூன்று கூறுகளையும் சரியாகப் படிப்பதற்குத் தமிழ் மொழியறிவு தேவைப்படுகிறது என்பதை இம்மீனையும் அதனோடு விவரிக்கப்பட்ட ஆனைக் கத்தலையையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கத்தலை, கற்றலை, மாதிரிப் பதிவு, தரங்கம்பாடி, புளோக், வட்டாரப் பெயர், எழுத்துப்பெயர்ப்பு, மலபார்.

முன்னுரை

அருங்காட்சியகத்தில் ஒரு மீன் இருக்கிறது என்றால், கண்ணாடிக் குடுவையில் சாராயத்தில் மிதக்கும் உடல் மட்டுமே அங்கிருப்பதாகக் கொள்ளுதல் கூடாது. அவ்வுடலோடு ஓர் எழுத்து ஆவணமும் இருக்கிறது. மாதிரி எண், அறிவியற் பெயர், கிடைத்த இடம், திரட்டியவர், திரட்டிய காலம், அடையாளம் கண்டவர், பாதுகாப்பு முறை ஆகியவற்றைக் கொண்ட அவ்வாவணமே மாதிரிப் பதிவு எனப்படுகிறது. பதிவை இழந்த மாதிரி, கல்வெட்டு பொறிக்கப்படாத நடுகல்லைப் போன்றது; அது ஒன்றைக் குறிக்கிறது என்பது தெரியும், எதைக் குறிக்கிறது என்பது தெரியாது.

மாதிரிப் பதிவுகளை உயிரியலார் தம் துறைக்குரிய ஆவணங்களாகவே பயன்படுத்தி வந்துள்ளனர். ஆயின் 18ஆம் நூற்றாண்டு தொடங்கித் தமிழகக் கடற்கரையிலிருந்து ஐரோப்பா சென்ற மீன் மாதிரிகளின் பதிவுகள், தமிழர் வாய்மொழியும் ஐரோப்பியர் எழுத்தும் சந்தித்த இடங்களாகவும் அமைந்துள்ளன. பிடித்தவர் சொன்ன பெயரைக் கேட்டவர் எழுதினார். எழுதியதை மற்றொருவர் இலத்தீனாக்கினார். இலத்தீனாக்கியதைப் பின்வந்தோர் தத்தம் மொழி ஒலிப்பில் படித்தனர். சுவடி பெயர்த்தெழுதப்படும்போது நிகழும் பாட மாற்றங்கள் இங்கும் நிகழ்ந்துள்ளன. ஆகவே மூலபாட ஆய்வுக்குரிய அணுகுமுறை இப்பதிவுகளுக்கும் பொருந்துவதாகும்.

1. தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்கு

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிசுக்காரரின் ஆட்சியில் இருந்தது. 1706இல் சீகன்பால்கும் புளுட்சௌவும் அங்கு வந்திறங்கியதோடு தொடங்கிய டேனிசு-ஹாலே மறைப்பணி, தமிழ் அச்சு, அகராதி, இலக்கணம் ஆகியவற்றின் வரலாற்றில் பெற்றுள்ள இடம் தமிழ் ஆய்வாளர் நன்கறிந்தது. அதே மறைப்பணியின் பிற்காலப் பணியாளர்கள் இயற்கை வரலாற்றுத் திரட்டலிலும் ஈடுபட்டனர் என்பது அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. அவர்களுள் முதன்மையானவர் கிறிஸ்தோஃப் சாமுவேல் ஜான். 1747இல் பிறந்த இவர் 1771இல் தரங்கம்பாடி வந்து, 1813இல் தம் இறப்பு வரை அங்கேயே பணியாற்றினார். சிப்பிகள், மீன்கள் முதலியவற்றைத் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிவந்தார்.

அவற்றைப் பெற்றவர்களுள் ஒருவர் பெர்லின் நகர மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் புளோக் (1723-1799). 1782 முதல் 1795 வரை 12 தொகுதிகளாக, 432 வண்ணப் படத்தகடுகளுடன் வெளிவந்த இவரது மீனியல் நூல், அக்காலத்தின் மிகப் பெரிய மீனியல் படைப்பாகும். முதல் மூன்று தொகுதிகள் செர்மானிய மீன்களையும் எஞ்சிய ஒன்பதும் அயல்நாட்டு மீன்களையும் பற்றியவை. அயல்நாட்டு மீன்களை விவரித்த புளோக் இந்தியாவிற்கு வந்தவரல்லர். தமக்கு வந்து சேர்ந்த மாதிரிகளையும் அவற்றோடு வந்த குறிப்புகளையும் கொண்டே எழுதினார். அவர் திரட்டி வைத்திருந்த ஏறத்தாழ 1,500 மாதிரிகளுள் எஞ்சியவை இன்று பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. இத்தொகுப்பை ஆராய்ந்து ஹான்ஸ்-யோவாகிம் பேப்கே 1999இல் விரிவான விளக்க அட்டவணை ஒன்றை வெளியிட்டார்.

1793இல் வெளியான தொகுதியில் புளோக் புதியதொரு மீன் பேரினத்தை நிறுவி, மாதிரிகளை அனுப்பிய ஜானின் நினைவாக அதற்கு ஜானியஸ் எனப் பெயரிட்டார். அப்பேரினத்தில் அவர் விவரித்த இரு மீன்கள் ஜானியஸ் கருட்டா, ஜானியஸ் அனேயுஸ் என்பன. 356, 357 ஆகிய எண்களைக் கொண்ட படத்தகடுகள் இவற்றுக்குரியன. முன்னது அப்பேரினத்தின் வகையினமாகப் பின்னர்க் கொள்ளப்பட்டது. அதாவது, இந்திய-பசிபிக் கடல்களில் வாழும் ஜானியஸ் பேரினத்து மீன்கள் அனைத்தின் பெயருக்கும் அடித்தளமாக நிற்பது இந்தத் தரங்கம்பாடி மீனே.

2. பெயரமைப்பு: பொதுப்பெயரும் அடையும்

கருட்டா என்பது கருத்த கத்தலை என்னும் தமிழ்ப்பெயரின் முற்பகுதி. அனேயுஸ் என்பது ஆனைக் கத்தலை என்னும் பெயரின் முற்பகுதி. இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது தமிழ் மீன்பெயர்களின் ஒழுங்கு ஒன்று புலப்படுகிறது. கத்தலை என்பது இனத்தைக் குறிக்கும் பொதுப்பெயர். கருத்த, ஆனை, வெள்ளை என்பன அவ்வினத்துள் ஒன்றைப் பிறிதொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடைகள். பாறை, சுறா, திருக்கை, வாளை முதலிய பொதுப்பெயர்களும் இவ்வாறே அடைபெற்று வகைகளைச் சுட்டுகின்றன.

லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைநிறுத்திய இருசொற் பெயரீட்டு முறையிலும் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என்னும் இரு படிகள் உள்ளன. பேரினப் பெயர் முன்னும் சிற்றினப் பெயர் பின்னும் வருதல் இலத்தீன் வழக்கு. அடை முன்னும் பொதுப்பெயர் பின்னும் வருதல் தமிழ் வழக்கு. வரிசை மாறினும் அமைப்பு ஒன்றே. புளோக் செய்தது ஒரு பதிலீடு எனலாம். கத்தலை என்னும் பொதுப்பெயரின் இடத்தில் ஜானின் பெயர் அமர்ந்தது. அடைகள் மட்டும் தமிழாகவே நின்றன. கருத்த கத்தலையும் ஆனைக் கத்தலையும் ஓரினம் என்னும் வகைப்பாட்டு முடிவு மீனவர் வழக்கில் முன்னரே இருந்தது. பெர்லினில் அதே முடிவு உடற்கூற்று அடிப்படையில் மீண்டும் எய்தப்பட்டது. ஆனைக் கத்தலை பின்னர்ப் பென்னாஹியா என்னும் வேறொரு பேரினத்திற்கு மாற்றப்பட்டதெனினும், இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இங்கு இழப்பும் உண்டு. பெயரெச்சம் தழுவி நிற்க வேண்டிய பெயர் அறிவியற் பெயரில் இல்லை. 'கருத்த' என்ற எச்சம் எஞ்சியது. அது கொண்டு முடியும் 'கத்தலை' மறைந்தது. அறிவியற் பெயரை மட்டும் அறிந்தவருக்கு அது பொருளற்ற ஒலித்தொடராகவே தோன்றும்.

3. எழுத்துப்பெயர்ப்பும் பாட மாற்றமும்

புளோக்கின் செர்மானிய நூலில் இம்மீன்களுக்குக் கருத், ஆனை என்பனவே செர்மானியப் பெயர்களாகவும் வழங்கப்பட்டன. இலத்தீன் எழுத்தில் அவை பெற்ற வடிவம் நுணுகி நோக்கத்தக்கது.

முதலாவது, ரகர றகர வேறுபாடு. கரு என்னும் அடியிலிருந்து கருமை, கருப்பு என்பனவும், கறு என்னும் அடியிலிருந்து கறுத்தல், கறுப்பு என்பனவும் தமிழில் இணையாக வழங்குகின்றன. இலத்தீன் எழுத்தில் ரகரத்திற்கும் றகரத்திற்கும் ஒரே எழுத்தே கிடைத்தது. எனவே கடற்கரையில் ஒலித்தது கருத்தவா கறுத்தவா என்பதை அறிவியற் பெயரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

இரண்டாவது, தகர டகர வேறுபாடு. தகர இரட்டிப்பும் டகர இரட்டிப்பும் ஒரே இலத்தீன் எழுத்தின் இரட்டிப்பாகவே எழுதப்பட்டன. இதனால் அறிவியற் பெயரைத் தமிழில் திரும்ப எழுதுவோர் 'கருட்டா' என்றெழுத நேர்கிறது. தமிழிலிருந்து சென்ற சொல் தமிழுக்கே அயற்சொல்லாகித் திரும்புகிறது.

மூன்றாவது, ஐகாரம். செர்மானிய மொழியில் 'இ' எழுத்தும் 'ஐ' எழுத்தும் சேர்ந்த இணை ஐகாரமாக ஒலிக்கும். ஆகவே செர்மானிய ஒலிப்பின்படி படித்தால் புளோக்கின் சொல் ஏறக்குறைய 'ஆனை' என்றே ஒலிக்கும். ஆங்கில ஒலிப்பின்படி படித்தால் அந்தத் தொடர்பு மறைந்துவிடுகிறது. பிரெஞ்சு அறிஞர் லாசெப்பேத் இவ்விரு மீன்களையும் லாப்ரஸ் என்னும் பேரினத்துள் சேர்த்து விவரித்தபோது, கருத், ஆனெய் என்னும் வடிவங்களைப் பிரெஞ்சுப் பெயர்களாகவே ஏற்றுக்கொண்டார். தமிழ் அடைகள் செர்மானியம், இலத்தீன், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளுக்குள் பத்தாண்டு இடைவெளியில் நுழைந்தன. 'கருத்' என்னும் வடிவம் உலக உணவு வேளாண்மை நிறுவனம் இம்மீனுக்கு வழங்கும் ஆங்கிலப் பெயரிலும் இன்று வரை நீடிக்கிறது.

நான்காவது, இலத்தீன் இறுதிநிலை. ஆனை என்பதன் ஐகாரத்தை நீக்கி ஆண்பால் இறுதிநிலை சேர்த்ததால் அனேயுஸ் பிறந்தது. விலங்கியற் பெயரீட்டு விதிப்படி, இலத்தீன் பெயரடையாகக் கொள்ளப்படும் சிற்றினப் பெயர் தான் சேரும் பேரினப் பெயரின் பாலோடு ஒத்திருத்தல் வேண்டும். பென்னாஹியா பெண்பாற் பெயர். ஆகவே அனேயுஸ் என்பது அனேயா என மாறியது. இரு வடிவங்களும் மீனியல் நூல்களில் காணப்படுகின்றன. ஆனை என்பது தமிழில் அஃறிணைப் பெயர். அதற்கு ஆண்பாலும் பெண்பாலும் மாறிமாறி ஏற்றப்பட்டிருப்பது, சொல்லின் மூலம் மறைந்துவிட்டதன் விளைவு. கருட்டா என்பதோ ஆண்பாற் பெயரான ஜானியஸ் என்பதோடு சேர்ந்தும் மாறாது நிற்கிறது. ஒரே தமிழ் அமைப்பிலிருந்து சென்ற இரு அடைகளுள் ஒன்று இலத்தீன் இலக்கணத்திற்கு உட்பட்டது; மற்றொன்று உட்படவில்லை.

4. கற்றலை: தலைக்குள் கல்

பேச்சு வழக்கிலுள்ள கத்தலையின் எழுத்து வழக்கு கற்றலை. இவ்வடிவைக் கடல்மீன் வகை என்னும் பொருளில் தமிழ் அகராதிகள் பதிவு செய்துள்ளன. கல் என்பதன் ஈற்று லகரம், தகரம் வருங்கால் றகரமாகத் திரிய, வந்த தகரமும் றகரமாதல் புணர்ச்சி விதி. கல் + தூண் கற்றூண் ஆவது போல, கல் + தலை கற்றலை ஆகிறது. ற்ற என்பது பேச்சில் த்த ஆதல் காற்று - காத்து, கற்றாழை - கத்தாழை என்பவற்றில் காணும் பரவலான திரிபு. இவ்வாறே கற்றலை கத்தலை ஆயிற்று.

இத்தொகைச்சொல்லை இருவகையாக விரிக்கலாம். கல் போன்ற தலையை உடையது என்பது ஒன்று. கல்லைத் தலையில் உடையது என்பது மற்றொன்று. இரண்டும் அன்மொழித்தொகையே. இலக்கண அளவில் இரண்டும் ஏற்புடையன. எது பொருந்தும் என்பதை மீனின் உடற்கூறே முடிவு செய்ய உதவுகிறது.

கத்தலை மீன்கள் சியானிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்து மீன்களின் தலையெலும்புகள் திண்மையானவை அல்ல. சளிக்குழாய்கள் ஓடும் குழிவுகளை மிகுதியாகக் கொண்டவை. எனவே கல் போன்ற தலை என்னும் விரி பொருந்தவில்லை. ஆனால் இம்மீன்களின் உட்செவியிலுள்ள செவிக்கற்கள் பிற மீன்களோடு ஒப்பிட மிகப் பெரியவை. எலும்பு மீன்களுக்கு மூன்று இணைச் செவிக்கற்கள் உண்டு. அவற்றுள் பெரிய இணை, கத்தலை மீன்களில் வெறும் கண்ணுக்கே தெளிவாகத் தெரியும் வெண்ணிறக் கல்லாக வளர்ந்திருக்கும். மீனை ஆய்ந்து தலையைப் பிளப்போர் இதனைக் காணாதிருக்க முடியாது. ஆகவே கல்லைத் தலையில் உடையது என்னும் விரியே பொருத்தமானது.

கத்து என்னும் வினையிலிருந்து இப்பெயர் பிறந்ததாகக் கொள்ளவும் இடமுண்டு எனத் தோன்றலாம். இக்குடும்பத்து மீன்கள், காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரச் செய்து ஒலி எழுப்புபவை. ஆங்கிலத்தில் இவை கரைபவை, முரசு என்னும் பொருளுடைய பெயர்களால் வழங்கப்படுவதும் அதனாலேயே. ஆயினும் கற்றலை என்னும் றகர வடிவம் எழுத்து வழக்கில் நிலைபெற்றிருப்பதை அவ்விளக்கம் கணக்கில் கொள்வதில்லை. ஒலி ஒற்றுமை ஒன்றை மட்டும் நம்பிச் சொற்பிறப்புக் கூறுதல் ஆய்வு நெறியாகாது.

இப்பொருள் விளக்கத்தின் சிறப்பு அறிவியல் வரலாற்றோடு ஒப்பிடும்போது தெளிவாகும். இதே குடும்பத்துப் பேரினம் ஒன்றுக்கு ஓக்கன் 1817இல் வழங்கிய ஒட்டோலித்தஸ் என்னும் பெயர், செவி, கல் என்னும் கிரேக்கச் சொற்களால் ஆனது. எத்தல்வின் ட்ரெவாவஸ் 1977இல் வெளியிட்ட இந்திய-மேற்குப் பசிபிக் பகுதிக் கத்தலை மீன்கள் பற்றிய விரிவான ஆய்வு, புறத்தோற்றத்தை மட்டும் நம்பாது காற்றுப்பையின் கிளைப்பையும் செவிக்கல்லின் வடிவையும் வகைப்பாட்டின் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டது. செவிக்கல்லின் உட்புறத்தில் தலைப்பிரட்டை வடிவில் அமைந்த பள்ளம் இக்குடும்பத்தின் அடையாளமாகக் கருதப்படுகிறது. அறிவியல் தேர்ந்துகொண்ட உறுப்பும் தமிழ்ப்பெயர் தேர்ந்துகொண்ட உறுப்பும் ஒன்றே. புளோக் விட்டுவிட்ட பொதுப்பெயரில்தான் இக்குடும்பத்தின் முதன்மை அடையாளம் பொதிந்திருந்தது.

5. நிறம் இழந்த மாதிரியும் நிறம் காத்த பெயரும்

சாராயத்தில் இட்ட மீன் தன் இயல்பான நிறத்தை விரைவில் இழக்கிறது. வெள்ளியொளியும் கருமையும் மஞ்சளும் மறைந்து, உடல் முழுவதும் பழுப்பு நிறமாகிறது. உலர்த்திய தோல் மாதிரிகளின் நிலையும் இதுவே. தரங்கம்பாடியிலிருந்து பல மாதக் கடற்பயணத்திற்குப் பின் பெர்லினை அடைந்த மீன்களை, கரையில் இழுத்த வலையில் துடித்த நிலையில் கண்டவர் போல விவரித்தல் புளோக்கிற்கு இயலாதது. அவரது படத்தகடுகளின் வண்ணங்களைப் பயன்படுத்துவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

இந்நிலையில் 'கருத்த' என்னும் அடை, உயிர்ப்புடைய மீனைக் கண்டவரின் சாட்சியாக மதிப்புப் பெறுகிறது. மாதிரியில் இல்லாத செய்தி பெயரில் இருக்கிறது. ஆனை என்னும் அடைக்கும் இது பொருந்தும். ஆனைநெருஞ்சில், ஆனைக்குன்றிமணி, ஆனைக்கற்றாழை முதலிய பெயர்களில் ஆனை என்பது ஒத்த வகையுள் பெரியதனைச் சுட்டும் அடையாக வருகிறது. ஆனைக் கத்தலை என்பதிலும் அப்பொருளே முதலிற் கொள்ளத்தக்கது. ஓர் அருங்காட்சியகத்திலுள்ள தனி மாதிரி தன் இனத்தின் பருமன் எல்லையைச் சொல்லாது. அது இளையதாகவும் இருக்கலாம். பல்லாயிரம் மீன்களைக் கண்டு பழகிய வழக்கிலிருந்து பிறந்த பெயரோ ஓர் ஒப்பீட்டைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

6. 'மலபார்' என்னும் இடக்குறிப்பு

புளோக்கின் நூல்களிலும், அவர் இறந்தபின் யோஹான் கோட்லோப் ஷ்னைடர் நிறைவு செய்து 1801இல் வெளியிட்ட நூலிலும் மலபார் என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. இச்சொல்லை இன்றைய கேரளக் கடற்கரை எனக் கொள்வது இயல்பாக நேரும் பிழை.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் வழக்கில் மலபார் என்பது தமிழ்மொழியையும் தமிழரையும் குறித்தது. சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் தொகுத்த விளக்க அட்டவணை 'மலபார் நூலகம்' என்னும் பொருளுடைய இலத்தீன் பெயரால் வழங்குகிறது. அவரே 1716இல் ஹாலே நகரில் வெளியிட்ட தமிழ் இலக்கணம் 'தமுலிக்' என்னும் பெயரைத் தாங்கியது. ஃபப்ரீசியஸும் பிரைத்தௌப்டும் 1779இல் வேப்பேரியில் அச்சிட்ட அகராதி, ஐரோப்பியர் மலபார் மொழி என வழங்குவது தமிழே என்பதைத் தன் தலைப்பிலேயே தெளிவுபடுத்துகிறது. ஜான் தரங்கம்பாடிக்கு வந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த அகராதி இது. எனவே ஜானின் காலத்தில், அவர் சார்ந்த மறைப்பணிச் சூழலில், மலபார் என்பதற்குத் தமிழ் என்ற பொருள் உயிர்ப்போடிருந்தது ஐயத்திற்கிடமற்றது.

இதன் விளைவு மீன்பெயர்களில் வெளிப்படையாகத் தெரிகிறது. 1801ஆம் ஆண்டு நூலில் ஷ்னைடர் 'மலபாரிக்கஸ்' என்னும் அடையுடன் விவரித்த மீன்களுள் களவா வகையைச் சேர்ந்த எப்பினிஃபெலஸ் மலபாரிக்கஸ், பாறை வகையைச் சேர்ந்த கராங்கோய்டஸ் மலபாரிக்கஸ் ஆகியவற்றின் வகையிடம் தரங்கம்பாடி. பெயர் மேற்குக்கரையைச் சுட்டுவது போல் தோன்ற, மாதிரி கிழக்குக்கரையிலிருந்து சென்றிருக்கிறது. இம்மீன்கள் இரு கரைகளிலும் வாழ்பவை என்பதால் பிழை எளிதில் கண்ணிற் படுவதில்லை. ஆனால் ஓர் இனத்தின் வகையிடம் எது என்பது, அவ்வினத்தைப் பிற்காலத்தில் இரண்டாகப் பிரிக்க நேரும்போது எக்கரையின் மீனுக்குப் பழைய பெயர் உரியது என்பதை முடிவு செய்யும் சான்றாகும். ஒரு சொல்லின் பொருள் வரலாறு இங்கு உயிரியல் முடிவு ஒன்றின் அடிப்படையாகிறது.

7. பெயரின் எல்லையும் மாதிரியின் வலிமையும்

மேற்கூறியவற்றால் வட்டாரப் பெயர் மாதிரியினும் நம்பத்தக்கது என்னும் முடிவுக்கு வருதல் கூடாது. மீனவர் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுவன. ஒரு பெயர் பல இனங்களைக் குறித்தலும், ஓர் இனம் பல பெயர் பெறுதலும், இளமையில் ஒரு பெயரும் முதிர்ச்சியில் வேறு பெயரும் வழங்குதலும் கடற்கரையில் இயல்பு. கருத்த கத்தலை என்று இன்று ஒரு கரையில் காட்டப்படும் மீன், 1793இல் புளோக் விவரித்த இனமாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கருநிறம் கொண்ட கத்தலை இனங்கள் பல.

பெயருக்கு நங்கூரம் இடுவது வகைமாதிரி. ஓர் இனத்தை முதன்முதல் விவரித்தபோது அடிப்படையாகக் கொண்ட உடலே அப்பெயரின் பொருளை நிலைநிறுத்துகிறது. ஜானியஸ் கருட்டா என்பது கருத்த நிறமுடைய எந்த மீனையும் குறிக்காது; புளோக்கின் மாதிரியோடு ஒத்த இனத்தையே குறிக்கும். சொல் பொருள் மாறினும் மாதிரி மாறாது. மறுபுறம், மாதிரி பேசாது. அதன் நிறம், பிடிபட்ட சூழல், அதனை அறிந்த மக்கள் பிரித்துணர்ந்த முறை ஆகியவற்றைச் சொல்லே சுமக்கிறது. வகைமாதிரியின் செவிக்கல்லைக் காண அதன் தலையைப் பிளக்க அருங்காட்சியகங்கள் தயங்குவது இயல்பு. கற்றலை என்னும் பெயரோ உள்ளிருக்கும் கல்லை வெளிப்படையாகவே கூறிவிடுகிறது. உடலும் பெயரும் ஒன்றையொன்று திருத்தும் இரு சான்றுகள் எனக் கொள்வதே தக்கது.

19ஆம் நூற்றாண்டுத் திரட்டல்களுக்கும் இது பொருந்தும். 1875 முதல் 1878 வரை வெளிவந்த பிரான்சிஸ் டேயின் 'இந்திய மீன்கள்' என்னும் நூல், பல இனங்களுக்கு உரோமன் எழுத்தில் தமிழ்ப் பெயர்களையும் தருகிறது. கத்தலை மீன்களை அவர் சியானா என்னும் பேரினத்துள் அடக்கினார். அவர் திரட்டிய மாதிரிகள் கொல்கத்தா, இலண்டன், லைடன், வியன்னா, பெர்லின், சிட்னி ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து சென்றன. தமிழ்ப் பெயர் ஒரு நூலிலும் அதற்குரிய மீன் ஐந்தாறு நாடுகளிலுமாகச் சிதறிய நிலையில், இரண்டையும் மீண்டும் இணைத்தால்தான் அப்பெயர் எந்த மீனைக் குறித்தது என்று உறுதிபடக் கூற இயலும்.

8. எண்மப் பதிவுகளும் தமிழாய்வின் கடமையும்

உலக அருங்காட்சியகங்கள் தம் பதிவேடுகளை எண்ம வடிவாக்கி இணையத்தில் வெளியிட்டு வருகின்றன. 2001இல் தொடங்கப்பட்ட உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு இப்பதிவுகளை ஒன்றிணைக்கும் பெருந்தளமாகும். இதற்கெனப் பயன்படும் டார்வின் கோர் என்னும் தரவு நெறியில், திருத்திய இடப்பெயருக்கும் மூலத்தில் உள்ளவாறே தரும் இடப்பெயருக்கும் தனித்தனிப் புலங்கள் உண்டு. வட்டாரப் பெயருக்கும் புலம் உண்டு. புலங்கள் இருத்தல் மட்டும் போதாது. அவற்றை நிரப்புவோருக்கு மொழி தெரிதல் வேண்டும்.

பழைய ஏட்டிலுள்ள இடப்பெயரை வரைபடப் புள்ளியாக மாற்றும் பணியில், மலபார் என்பதைக் கண்டவுடன் மேற்குக்கரையில் புள்ளியிட்டால் அப்பிழை எண்களாகிவிடும். எண்ணாகிய பிழை சொல்லாகிய பிழையினும் நம்பகமான தோற்றம் தருவது. அதனைப் பின்வரும் ஆய்வாளர் ஐயுறுவது அரிது. அவ்வாறே வட்டாரப் பெயர்ப் புலத்தில் உரோமன் வடிவத்தை மட்டும் இட்டால் றகரமும் ரகரமும், தகரமும் டகரமும் மீண்டும் ஒன்றாகிவிடும். கற்றலைக்கும் கத்தலைக்கும் உள்ள உறவு, அப்பதிவைத் தேடும் எவருக்கும் புலப்படாது.

இந்நிலையில் தமிழாய்வு செய்யத்தக்க பணிகள் மூன்று. முதலாவது, மாதிரிப் பதிவுகளிலும் முதல் விளக்கங்களிலும் உள்ள உரோமன் வடிவத் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்து, எழுதியவரின் தாய்மொழி ஒலிப்பைக் கருத்திற்கொண்டு தமிழ் எழுத்தில் மீட்டமைத்தல். செர்மானியர் எழுதியதைச் செர்மானியமாகவும், பிரெஞ்சுக்காரர் எழுதியதைப் பிரெஞ்சாகவும், ஆங்கிலேயர் எழுதியதை ஆங்கிலமாகவும் படித்தபின்பே தமிழாக்குதல் வேண்டும். இரண்டாவது, மீட்டமைத்த பெயர்களை அகராதிகளோடும் இன்றைய மீன்பிடி ஊர்களின் வழக்கோடும் ஒப்பிடுதல். மூன்றாவது, மீட்ட வடிவத்தை மூல வடிவத்தோடு சேர்த்தே பதிவில் இடம்பெறச் செய்தல். மூலத்தை நீக்கிவிட்டுத் திருத்தத்தை இடுவது சுவடிப் பதிப்பில் எத்தகைய குற்றமோ, இங்கும் அத்தகைய குற்றமே.

இப்பணி தமிழோடு நின்றுவிடுவதன்று. பேட்ரிக் ரசல் 1803இல் வெளியிட்ட விசாகப்பட்டின மீன்கள் பற்றிய நூல் தெலுங்குப் பெயர்களைத் தாங்கியது. அயலை மீனின் அறிவியற் பெயரிலுள்ள கனகுர்த்தா என்பது அவ்வழி வந்தது. திராவிட மொழிகளின் மீன்பெயர்களை ஒப்பிட்டாராய இப்பதிவுகள் காலம் குறிக்கப்பட்ட, இடம் குறிக்கப்பட்ட, பொருள் ஐயமற்ற தரவுகளைத் தருகின்றன. சொல் சுட்டும் பொருளே குடுவையில் பாதுகாக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு சொல்லாய்வுக்கு வேறு துறைகளில் எளிதிற் கிட்டுவதன்று.

முடிவுரை

ஜானியஸ் கருட்டா என்னும் மீனின் பதிவு, அறிவியற் பெயரில் தமிழ்ப் பெயரெச்சம் ஒன்றையும், அப்பெயரில் விடுபட்ட பொதுப்பெயரில் உடற்கூற்று அறிவு ஒன்றையும், அக்கால இடக்குறிப்புகளில் மொழிப்பெயர் வரலாறு ஒன்றையும் கொண்டு விளங்குகிறது. கற்றலை என்னும் சொல்லை ஆக்கியவர்கள் அம்மீனின் தலைக்குள் கண்டதையே, பிற்கால மீனியலும் அக்குடும்பத்தின் அடையாளமாகக் கொண்டது. அச்சொல் பதிவில் இடம்பெறாத வரை, மீனைப் பெர்லினுக்கு அனுப்பியவரின் பெயர் நிலைத்திருக்க, அதனை அறிந்து பிரித்துப் பெயரிட்டவர்களின் அறிவு பெயரற்றதாகவே நிற்கும். பதிவேடுகள் எண்ம வடிவம் பெற்றுவரும் இக்காலத்திலேயே அச்சொற்களைத் தமிழ் எழுத்தில், உரிய பொருளோடு அவற்றுள் சேர்ப்பது தமிழாய்வாளரும் மீனியலாரும் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.